கவரை பார்த்ததுமே இது என்ன வகை பாட்டுன்னு தெரிஞ்சிடுதே, இதையெல்லாம் யாரு முடிவு பண்ணது?

மூணாவது_கிட்டார்

மக்களே ஒரு யோசனை வேணும். கோயம்புத்தூர்ல நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வச்சிருக்கோம், பாடுறவர் கிடையாது, ஒவ்வொரு பாட்டும் பத்து நிமிஷத்துக்கு மெதுவா ஆரம்பிச்சு கடைசில காட்டுக்கத்தல், போஸ்ட் ராக்னு வச்சுக்கங்க. ஆல்பம் ரெடி, கவர்தான் பாக்கி. டிரம்மர் வால்பாறைல பனிமூட்டத்துல ஒரு போட்டோ எடுத்திருக்கான், தூரத்துல ஒருத்தன் முதுகை காட்டிட்டு நிக்கிறான், மத்த ரெண்டு பேருக்கும் அது ரொம்ப பிடிச்சுப்போச்சு. எனக்கு என்ன கடுப்புன்னா இந்த வகையில எந்த ஆல்பத்தை எடுத்தாலும் பனி, மலை, முதுகு, இதேதான்.

அப்புறம் உக்காந்து யோசிச்சா எல்லாத்துக்குமே ஒரு யூனிஃபார்ம் இருக்கு. மெட்டல்னா படிக்கவே முடியாத லோகோ. ஜாஸ்னா நீலக் கலர்ல ஒருத்தர் சாக்ஸபோனோட. கர்நாடக சங்கீதம்னா பட்டுப்புடவை, தம்புரா. கன்ட்ரினா தொப்பி. பாட்டை கேக்காமலே கவரை பார்த்து சொல்லிடலாம். இதையெல்லாம் யாரு உக்காந்து முடிவு பண்ணாங்க?

ரெக்கார்டு_பெட்டி

யாரும் உக்காந்து முடிவு பண்ணல தம்பி, துட்டுதான் முடிவு பண்ணுச்சு.

78 ஆர்பிஎம் தட்டு ஓடின காலத்துல கவர்னு ஒன்னே கிடையாது. பழுப்பு காகித உறை, லேபிளை படிக்கிறதுக்கு நடுவுல ஒரு ஓட்டை, அவ்ளோதான். நாலஞ்சு தட்டு சேர்ந்த செட்டா இருந்தா கெட்டி அட்டையில பைண்டிங் பண்ணி முதுகுல பேரை அடிச்சிருப்பாங்க. கொலம்பியா கம்பெனில அலெக்ஸ் ஸ்டைன்வைஸ்னு இருபது சொச்சம் வயசுல ஒருத்தர் வந்து சேர்ந்து, இதுல படம் போட்டு வித்தா என்னன்னு கேட்டார். 1940ல ராட்ஜர்ஸ் அண்ட் ஹார்ட்னு பாட்டு எழுதற ஜோடியோட தொகுப்புக்கு நியூயார்க் இம்பீரியல் தியேட்டர் வாசல் போர்டுல இருந்த எழுத்தையே மாத்தி வைக்கச் சொல்லி ராத்திரில போட்டோ எடுத்தாங்க, கவர்னு நாம சொல்றது அங்கதான் ஆரம்பிக்குது. கடைல தட்டு முதுகை காட்டிட்டு அடுக்குல நின்ன காலம் போய் முகத்தை காட்டி நிக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். 1948ல எல்பி, அதாவது ரொம்ப நேரம் ஓடற பெரிய தட்டு வந்ததும் அதுக்கு அட்டை உறை வடிவமைச்சதும் இதே ஆள்தான்.

நீ சொன்ன அந்த நீல சாக்ஸபோன் கதைக்கு வரேன். உலகமே இன்னிக்கு ஜாஸ் லுக்குன்னு சொல்றதுல முக்கால்வாசி ஒரே கம்பெனி, ப்ளூ நோட், அதுலயும் ரெண்டே பேர். ஃபிரான்சிஸ் வுல்ஃப்னு பெர்லின்ல இருந்து 1939ல நியூயார்க் தப்பிச்சு வந்தவர், ரெக்கார்டிங் நடக்கறப்பவே ஓரமா நின்னு கறுப்பு வெள்ளையில போட்டோ எடுப்பார். 50கள் நடுவுல வந்து சேர்ந்த ரீட் மைல்ஸ் அந்த போட்டோவை கொஞ்சமும் இரக்கம் இல்லாம வெட்டுவார், நெத்தி போயிடும், பாதி முகம்தான் இருக்கும், மிச்ச இடம் பூரா எழுத்து. வுல்ஃபுக்கு இதுல வருத்தம் இருந்துச்சு, பாவம். மைல்ஸ் பின்னாடி சொன்னது என்னன்னா ஒரு கவருக்கு 50 டாலர்தான், கலர் ஒன்னோ ரெண்டோதான். முழுக் கலர்னா நாலு பிளேட் (அச்சுத் தகடு), நாலு தடவை அச்சு. கறுப்பு வெள்ளை போட்டோ மேல ஒரே ஒரு கலர் மசியை ஏத்தினா ரெண்டு பிளேட்ல வேலை முடிஞ்சுது. 1957ல ரெக்கார்டு பண்ணின கோல்ட்ரேனோட 'ப்ளூ ட்ரெய்ன்' கவரை பாருங்க, பேருக்கு ஏத்த நீலம்னு நாம சிலாகிக்கிறோம், அந்த அச்சகத்துக்காரனை கேட்டா வேற கதை சொல்வான்.

இதுல வேடிக்கை என்னன்னா மைல்ஸுக்கு ஜாஸ்ல பெருசா ஆர்வமே கிடையாது. அவருக்கு கிளாசிக்கல்தான். கம்பெனி குடுக்கற ஜாஸ் தட்டை கொண்டுபோய் கடைல குடுத்துட்டு கிளாசிக்கல் தட்டு மாத்திக்குவாராம்.

ஓசி_கேட்பவன்

ஜாஸ் பிடிக்காத ஆள் ஜாஸுக்கு முகம் குடுத்திருக்கார், நம்ம ஊர்ல சமையல் தெரியாதவன் ஹோட்டலுக்கு போர்டு எழுதற மாதிரி 😂

இருட்டறை

ரெக்கார்டு பெட்டி அண்ணே, எல்லாத்தையும் துட்டுலயே அடக்கினா மெட்டலுக்கு செட்டாகாது.

ஆரம்பத்துல சரி, 1970ல பிளாக் சபாத் முதல் ஆல்பம், இங்கிலாந்துல மேபிள்டர்ஹாம்னு ஒரு ஊர் பழைய தண்ணி மில்லு முன்னாடி கறுப்பு அங்கி போட்ட ஒரு பொண்ணு, அகச்சிவப்பு ஃபிலிம்ல எடுத்ததால செடி கொடி எல்லாம் காய்ச்சல் வந்த கலர்ல இருக்கும். அதுல பயம் இருக்கு ஆனா யூனிஃபார்ம் இல்ல. 1980ல அயர்ன் மெய்டன் வந்ததும் டெரெக் ரிக்ஸ் வரைஞ்ச எடி, கவருக்கு கவர் அதே பொணம் வேற வேற வேஷத்துல வரும், அங்கதான் பேண்டுக்கு ஒரு குலதெய்வம் மாதிரி உருவம் வச்சுக்கற பழக்கம் பெருசா பரவுது.

ஆனா 90கள்ல நார்வே பிளாக் மெட்டல் வந்தப்ப கதை வேற. டார்க்த்ரோன் 1992, 1994 ஆல்பம் ரெண்டையும் எடுத்துப் பாருங்க, ஜெராக்ஸ் மெஷின்ல பத்து தடவை போட்டு எடுத்த மாதிரி கறுப்பு வெள்ளை, ஒரு வெளிறின மூஞ்சி, அவ்ளோதான். அவங்ககிட்ட கலருக்கு வழியில்லாம இல்ல. அதே சமயத்துல அமெரிக்கா டெத் மெட்டல் ஆளுங்க டான் சீக்ரேவ் மாதிரி ஓவியர்கிட்ட குடுத்து கலர் கலரா நரகம் வரைஞ்சு வாங்கிட்டு இருந்தாங்க, அதுக்கு எதிரா வேணும்னே இப்படி பண்ணாங்க. கேசட்டை தபால்ல மாத்திக்கற டேப் டிரேடிங், ஜெராக்ஸ் பத்திரிகை, அந்த உலகத்துக்கு உள்ள இருக்கறவனுக்கு மட்டும் புரியணும்னு.

லோகோவும் அதேதான். பெல்ஜியத்துக்காரர் கிறிஸ்டோஃப் ஷ்பைடெல்னு ஒருத்தர், எம்பரர் பேண்டோட லோகோ எல்லாம் அவர் போட்டது, ஆயிரக்கணக்குல லோகோ வரைஞ்சிருக்கார். மரத்து வேரு மாதிரி ரெண்டு பக்கமும் சமமா விரியும், படிக்க முடியாது. படிக்க முடியலன்னா அது உனக்கு இல்ல, கெளம்பு. கவருங்கறது விளம்பரம்னு நீங்க சொல்றீங்க, இங்க கவருங்கறது வாசக்கதவு, அதுவும் சாத்தின கதவு.

ரெக்கார்டு_பெட்டி

சாத்தின கதவுன்னாலும் டி-ஷர்ட் வித்துச்சு இல்ல தம்பி. படிக்க முடியாத லோகோ நெஞ்சுல போட்டு சுத்தறவன் வேற யாருக்கு விளம்பரம் பண்றான்?

பிக்சல்_பிரியா

நான் டிசைனர், பேக்கேஜிங் வேலை பாக்கறேன், அதனால ரெண்டு பேருகிட்டயும் சண்டை போட வந்திருக்கேன் 😄

ரெக்கார்டு பெட்டி சார், ரெண்டு கலர்தான் காரணம்னா ரெண்டு கலர் வச்சிருந்த எல்லாரும் ப்ளூ நோட் மாதிரி பண்ணிருக்கணுமே? பிரேசில்ல 1963ல எலென்கோன்னு ஒரு சின்ன லேபிள் (ரெக்கார்டு கம்பெனி), போசா நோவா பாட்டு. கவர் பண்ணது செசார் வில்லேலா. அவர்கிட்டயும் கறுப்பு, வெள்ளை, கூட ஒரு சிவப்பு, அவ்ளோதான். அவர் என்ன பண்ணார், போட்டோல இருக்கற சாம்பல் நிறத்தையெல்லாம் தூக்கிட்டார், முகம் வெறும் கறுப்புத் திட்டும் வெள்ளைத் திட்டுமா நிக்கும், பக்கத்துல நாலு சிவப்புப் புள்ளி, மிச்சம் பூரா காலி வெள்ளை. அந்த இசையும் அப்படித்தான், கிசுகிசுன்னு பாடுவாங்க, கிட்டார் தொட்டும் தொடாம. நியூயார்க்ல அதே கஞ்சத்தனம் எழுத்தை பெருசாக்கி கவரை நிரப்புச்சு, ஜாக்கி மெக்லீனோட 'இட்ஸ் டைம்' பாருங்க, அட்டை பூரா ஆச்சரியக்குறி. ஆக துட்டு கயிறு கட்டும், அந்தக் கயித்துக்குள்ள எப்படி ஆடறதுன்னு டிசைனர்தான் முடிவு பண்றார்.

இருட்டறை, உங்களுக்கும் ஒன்னு. வேணும்னே ஒதுங்கி நிக்கறதுக்குத்தான் கவர்னா பென் அண்ட் பிக்ஸலை எங்க வைப்பீங்க? ஹூஸ்டன்ல 1992ல ஆரன் பிராக், ஷான் பிராக்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஆரம்பிச்ச கவர் டிசைன் கடை. தெற்கு அமெரிக்கா ராப் பூரா அங்கதான் கவருக்கு வரிசைல நின்னுச்சு, நோ லிமிட், கேஷ் மணி லேபிள் எல்லாம். எழுத்து பூரா வைரம் பதிச்சிருக்கும், பின்னாடி மாளிகை, கார், தீ, ஹெலிகாப்டர், ஒரே ஆள் மூணு சைஸ்ல நிப்பார். 1998ல ஜுவனைலோட '400 டிகிரீஸ்' ஒன்னு போதும். டிசைன் படிச்சவங்க அப்ப மூக்கை சுளிச்சாங்க, நானும் காலேஜ்ல அந்தப் பேச்சை கேட்டிருக்கேன். எனக்கு அது அறிவாளித்தனமான வேலை. நியூயார்க் பெரிய கம்பெனிங்க கண்டுக்காத ஊர்ல இருந்து வந்த பசங்க, எம்டிவி கிடையாது, ரேடியோ கிடையாது, கடை அடுக்குல அந்த அட்டை மட்டும்தான் கத்தணும். கத்துச்சு. 2003ல கடையை மூடிட்டாங்க, அப்புறம் 2020ல 21 சாவேஜும் மெட்ரோ பூமினும் 'சாவேஜ் மோட் 2'க்கு அதே ஆளுங்ககிட்ட திரும்பப் போய் அதே ஸ்டைல்ல போட்டு வாங்கினாங்க. அன்னிக்கு கிண்டல் பண்ணது இன்னிக்கு மரியாதை.

ஓசி_கேட்பவன்

ஹிப்ஹாப்னா குழந்தை போட்டோவும் ஒன்னு இருக்கே அதை விட்டுட்டீங்க

பிக்சல்_பிரியா

ஆமா. 1994, ஒரே வருஷத்துல ரெண்டு. நாஸோட 'இல்மேட்டிக்', அவரோட சின்ன வயசு மூஞ்சிக்குள்ள அவர் வளர்ந்த தெரு தெரியும். பிக்கியோட 'ரெடி டு டை', வெள்ளைப் பின்னணில ஒரு குழந்தை. 2008ல லில் வேன் 'த கார்ட்டர் 3'ல தன் குழந்தை போட்டோல டாட்டூவை வரைஞ்சு வச்சதும் அந்த வரிசைதான். இது எப்படி ஆரம்பிச்சு எப்படி மரபாச்சுன்னு கண்ணால பாக்கலாம், ஒருத்தர் போட்டா அது யோசனை, ரெண்டாவது ஆள் போட்டதும் சண்டை, மூணாவது ஆள் போட்டதும் அது அந்த வகையோட சொத்து.

அப்புறம் அந்த பேரன்டல் அட்வைசரி கட்டம். 1985ல வாஷிங்டன்ல சில பெற்றோர் அமைப்பா சேர்ந்து பாட்டு வரிங்க கெட்டுப்போச்சுன்னு குரல் குடுத்து, 1990ல இப்ப நாம பாக்கற கறுப்பு வெள்ளை முத்திரையா நிலைச்சுது. எச்சரிக்கைக்கு வச்சது. இப்ப அது இல்லாம ஒரு ராப் கவர் பண்ணி குடுத்தா கிளையன்ட்டே "அக்கா ஏதோ குறையுதே"ங்கறாங்க.

ரீவைண்ட்_பென்சில்

எல்லாரும் வெளிநாட்டுலயே நிக்கறீங்க. நம்ம ஊர் கேசட்டை பத்தி ஒருத்தரும் வாயே திறக்கல.

நம்மகிட்ட ஆல்பம் கவர்னு தனியா ஒரு கலை பெருசா வளராததுக்கு காரணம் சிம்பிள், பாட்டுன்னா படம், கவர்னா பட போஸ்டர். ஹீரோ ஹீரோயின் மூஞ்சி, மேல படத்தோட டைட்டில் எழுத்து, மூலையில 'இசை' போட்டு பேரு. அந்த டைட்டில் எழுத்தை வரைஞ்ச ஆளுக்குத்தான் அந்த கவர்ல உண்மையான வேலை. ஏ சைடு ஒரு படம் பி சைடு ஒரு படம்னு வந்த கேசட்டுல இன்லே கார்டு, அதான் டப்பாக்குள்ள இருக்கற அட்டை, பாதியா பிரிஞ்சு, மேல ஒரு ஹீரோ கீழ ஒரு ஹீரோ, சம்பந்தமே இல்லாத ரெண்டு கதை ஒரே அட்டையில குடித்தனம் பண்ணும். அதை யாரும் டிசைன்னு சொல்ல மாட்டாங்க ஆனா எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சிடுவோம்.

பக்தி கேசட்டுக்கு மட்டும் சொந்த இலக்கணம் உண்டு. நடுவுல முருகனோ அம்மனோ, தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம், கீழ ஓரத்துல பாடினவர் பாஸ்போர்ட் சைஸ்ல. சாமியை விட பாடகர் பெருசா இருந்த அட்டை நான் பாத்ததில்ல, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி. கர்நாடக சங்கீதத்துல நேர் எதிர், வித்வான்தான் நடுவுல, ராக தாளம் எல்லாம் பின்னாடி பொடி எழுத்துல, அந்தப் பின்னட்டையை படிக்கறதுக்காகவே வாங்கறவங்க இருந்தாங்க.

மூணாவது_கிட்டார்

எங்க பேஸ் கிட்டார் பையன் இந்த இழையை படிச்சுட்டு பக்தி கேசட் ஸ்டைல்லயே கவர் போடலாம்ங்கறான், நடுவுல ஆம்ப்ளிஃபையர், ஒளிவட்டம், கீழ எங்க நாலு பேர் பாஸ்போர்ட் போட்டோ. எனக்கு சிரிப்பு அடங்கல, ஆனா மோசமில்லையோன்னும் தோணுது. போஸ்ட் ராக்ல வேற யாராச்சும் பனி மலை இல்லாம உருப்படியா பண்ணிருக்காங்களா?

இருட்டறை

காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர், 1997, முதல் எல்பி. மான்ட்ரியால்ல கான்ஸ்டலேஷன்னு ஒரு சின்ன லேபிள், முதல்ல 500 காப்பிதான், அட்டையில கையாலயே போட்டோ ஒட்டி, உள்ள ஒரு உறைல சின்னச் சின்ன காகிதங்களோட ரயில் தண்டவாளத்துல வச்சு நசுக்கின ஒரு கனடா பென்னி. ரயில் ஏறின காசு! இதை எந்த ஸ்ட்ரீமிங்ல தருவான்?

பிக்சல்_பிரியா

இதுக்கு ரெக்கார்டு பெட்டி சார் வந்து 'பாத்தியா ஒரு பென்னில முடிச்சுட்டான்'னு சொல்லப்போறார்.

ரெக்கார்டு_பெட்டி

சொல்லத்தான் வந்தேன், நீயே சொல்லிட்ட 😄

துட்டு தண்ணியா செலவான கதையும் இருக்கு. 70கள்ல ஹிப்னாசிஸ்னு லண்டன்ல ஸ்டார்ம் தார்கர்சன், ஆப்ரி பவல் சேர்ந்த கவர் டிசைன் கூட்டணி. 1970ல பிங்க் ஃபிலாய்டுக்கு ஒரு பசுமாட்டு போட்டோ, பேண்ட் பேரும் இல்ல ஆல்பம் பேரும் இல்ல, கம்பெனிக்காரங்க தலைல அடிச்சுக்கிட்டாங்க. 1973ல 'டார்க் சைட் ஆஃப் த மூன்' கவர்ல அந்த முப்பட்டகம், ஜார்ஜ் ஹார்டி வரைஞ்சது, அதுலயும் முன்னாடி பேரு கிடையாது. 1975ல 'விஷ் யூ வேர் ஹியர்'க்கு நிஜமாவே ஒரு ஸ்டன்ட் ஆளுக்கு தீ வச்சு கை குலுக்க வச்சு எடுத்தாங்க, எடுத்துட்டு அந்த கவரையே கறுப்பு பிளாஸ்டிக்ல சுத்தி மறைச்சு வித்தாங்க. பேரு போடாம இருக்கறது அப்ப புரோகிரசிவ் ராக்ல மரபாவே ஆச்சு, நாங்க யாருன்னு உனக்கு தெரியலன்னா அது உன் தப்புங்கற திமிர். 31 சென்டிமீட்டர் அட்டை, விரிச்சா ரெண்டு மடங்கு, அதுல அந்தத் திமிர் நிக்கும். 12 சென்டிமீட்டர் சிடி டப்பால அதே முப்பட்டகம் ஸ்டிக்கர் மாதிரி ஆயிடுச்சு.

பங்க் ஆளுங்க வந்து 1977ல செக்ஸ் பிஸ்டல்ஸ் கவர்ல, ஜேமி ரீட் பண்ணது, கடத்தல்காரன் லெட்டர் மாதிரி எழுத்தை வெட்டி ஒட்டி கண்ணை குத்தற மஞ்சள்ல போட்டு எல்லாத்தையும் உடைச்சாங்க. ரெண்டே வருஷத்துல அதுவும் யூனிஃபார்ம்.

இருட்டறை

அதுக்கப்புறம் வந்த டிசைனர் பீட்டர் சாவிலை விட்டுட்டீங்களே. 1979 ஜாய் டிவிஷன் 'அன்நோன் பிளஷர்ஸ்', விண்வெளில இருந்து வர்ற ஒரு பல்சாரோட (சிக்னல் துடிப்பா வர்ற நட்சத்திரம்) துடிப்பு வரைபடம், கலைக்களஞ்சியத்துல இருந்து பேண்ட் ஆளுங்களே எடுத்துக் குடுத்தது, வெள்ளைல கறுப்பா இருந்ததை கறுப்புல வெள்ளையா திருப்பிப் போட்டார், அவ்ளோதான் வேலை. இன்னிக்கு அந்த டி-ஷர்ட் போட்டவன்ல பாதிப் பேருக்கு அது பாட்டுன்னே தெரியாது. 1983ல நியூ ஆர்டர் 'ப்ளூ மண்டே'க்கு ஃபிளாப்பி டிஸ்க் மாதிரி ஓட்டை வெட்டின உறை, ஒரு எழுத்துகூட இல்ல, ஓரத்துல கலர் கட்டம், அதுதான் சங்கேதம். அந்த உறையோட செலவுல ஒவ்வொரு காப்பி வித்தப்பவும் ஃபேக்டரி லேபிளுக்கு நஷ்டம்னு ஒரு கதை உண்டு, உண்மையோ பொய்யோ, சொல்லிக்கறதுக்கு நல்லா இருக்கு.

ரீவைண்ட்_பென்சில்

இப்ப எல்லாம் போன்ல நகம் அளவு சதுரம்தானே. அதுல இந்த வித்தையெல்லாம் எடுபடுமா?

பிக்சல்_பிரியா

எடுபடாது, அதனால புது வித்தை. ஃபைல் குடுக்கறப்ப 3000க்கு 3000 பிக்சல் கேக்கறாங்க, பாக்கறவன் பாக்கறது விரல் நுனி சைஸ்ல. பாப் ஆல்பம் எல்லாம் ஒரே ஒரு மூஞ்சி, கிட்டத்துல, ஏன்னா மூஞ்சி எவ்வளவு சின்னதானாலும் மூஞ்சியா தெரியும். 2024ல சார்லி எக்ஸ்சிஎக்ஸ் 'பிராட்' வந்தப்ப மூஞ்சியையும் தூக்கிட்டாங்க. எலுமிச்சைப் பச்சை, நடுவுல கொஞ்சம் மங்கலான சாதா எழுத்துல நாலே எழுத்து. சோம்பேறித்தனம்னு திட்டினாங்க, ஆனா அந்த பச்சையை பார்த்தாலே பேரு ஞாபகம் வருதே. அதோட யார் வேணா அஞ்சு நிமிஷத்துல அதே மாதிரி பண்ணலாம், பண்ணாங்க, அத்தனையும் ஓசி விளம்பரம்.

இன்னொன்னு, கடையே இல்லாத காலத்துல பிறந்த வகைகளைப் பாருங்க. 2011ல மேக்கின்டாஷ் பிளஸ் 'ஃபுளோரல் ஷாப்', இளஞ்சிவப்பு, ஒரு கிரேக்க சிலைத் தலை, கட்டம் போட்ட தரை, ஜப்பான் எழுத்து. வேப்பர்வேவ்னா இன்னிக்கும் சிலைதான். அங்க அச்சகம் கிடையாது, மசி செலவு கிடையாது, கடை அடுக்கு கிடையாது, ஆனாலும் யூனிஃபார்ம் வந்துச்சு. ரெக்கார்டு பெட்டி சார், இதுக்கு உங்க துட்டு கணக்கு என்ன சொல்லுது?

ரெக்கார்டு_பெட்டி

தேடல்தான் கடை அடுக்கு இப்போ. அந்த சிலையை போடலன்னா எவன் கண்டுபிடிப்பான்.

இருட்டறை

யூனிஃபார்மை கழட்டினா என்ன ஆகும்னு தெரியணும்னா 2013 டெஃப்ஹெவன் 'சன்பேதர்'. உள்ள கத்தறது பிளாக் மெட்டல், கவர் பூரா இளஞ்சிவப்பு, மூடின கண்ணு வழியா வெயில் பார்த்தா தெரியற கலராம், மெலிசான அழகான எழுத்து, படிக்கவும் முடியுது! எங்க ஆளுங்க பாட்டை கேக்காமலே கிழிச்சு தொங்கவிட்டாங்க. நானும் அந்த கவர் பிடிக்காத கோஷ்டிதான், இப்பவும் பிடிக்கல. ஆனா அதுவரைக்கும் மெட்டல் பக்கமே வராத கூட்டம் அதை வாங்குச்சு. மூணாவது கிட்டார், நீ கவனிக்க வேண்டியது அதை. வால்பாறை போட்டோவை தூக்கினா உன் வகை ஆளுங்க கொஞ்சம் பேர் தாண்டிப் போவான், வேற யாரோ நிப்பான். யாரு வேணும்னு முதல்ல முடிவு பண்ணு.

மூணாவது_கிட்டார்

எங்களுக்கு யார் வந்தாலும் போதும் ப்ரோ 🙏 இப்போதைக்கு டிரம்மர் போட்டோவை ரெண்டு கலர்ல அடிச்சு பாக்கறோம், பச்சையும் கறுப்பும். ஆம்ப் ஒளிவட்டம் டி-ஷர்ட்டுக்கு.

ஓசி_கேட்பவன்

கிளாசிக்கல் மட்டும் ஏன் எல்லாம் ஒரே மாதிரி போர் அடிக்குது? கண்ணை மூடின ஒரு தாத்தா, இல்லன்னா ஒரு ஆயில் பெயின்டிங்

ரெக்கார்டு_பெட்டி

தாத்தா வந்தது டாய்ச்ச கிராமஃபோன்ங்கற ஜெர்மன் லேபிள்ல இருந்து. அவங்க 1957ல அந்த மஞ்சள் பட்டையை கொண்டுவந்தாங்க, எழுத்து பூரா அந்த மஞ்சளுக்குள்ள, கடை வாசல்ல இருந்தே கம்பெனி தெரியும். மிச்ச இடத்துல யாரை போடறது? பீத்தோவன் செத்துப்போயாச்சு, அதே சிம்ஃபனியை இருபது பேர் வாசிச்சிருக்கான், அப்ப வித்தியாசம் காட்ட ஆர்கெஸ்ட்ரா நடத்துனர் மூஞ்சிதான் ஒரே வழி. காரயான் கண்ணை மூடிட்டு நிக்கறது அப்படி பழகிப்போச்சு.

பெயின்டிங் பெருகினது நாக்ஸோஸால. 1987ல ஹாங்காங்ல கிளவுஸ் ஹைமன் ஆரம்பிச்ச மலிவு லேபிள். வெள்ளை அட்டை, மேல பேரு, கீழ ஒரு பழைய ஓவியம், ஆயிரக்கணக்கான சிடிக்கும் அதே அச்சு. வாசிச்சவன் பேரு யாருக்கும் தெரியாது, மூஞ்சி போட்டு பிரயோஜனம் இல்ல, செத்த ஓவியனுக்கு ராயல்டியும் இல்ல. பெரிய லேபிள் ரசிகருங்க அதை பாத்து முகம் சுளிப்பாங்க, அவங்க வீட்டு அலமாரியை திறந்தா அந்த வெள்ளை முதுகு ஒரு வரிசை நிக்கும்.